மூணாவது லிப்ட்

கழண்டுருச்சு. அட சாமி, அஞ்சாவது போல்ட்டும் கழண்டுருச்சு! வீல் ஸ்பானர் மேல ஏறி நின்னு மிதிக்காம, யாரையும் கூப்புடாம, என்ற ரெண்டு கையில. மணி பதினொண்ணு அஞ்சு. சக்கரத்தை ஆட்டி இழுத்து எடுத்து ஓரமா சாய்ச்சு வச்சாச்சு, கனம்னா கனம், இடுப்புல ஒரு வெட்டு வெட்டுச்சு, வெட்டட்டும், இன்னைக்கு எது வலிச்சாலும் நாளைக்குத்தான் வலிக்கோணும். கண்ணாடி ரூமுக்குள்ள மொதலாளி துரைசாமி அண்ணன் போனைக் காதுல வச்சுக்கிட்டுப் பாக்காத மாதிரியே பாக்கறாரு. பாருங்கண்ணா, நல்லாப் பாருங்க. ஆறு வருஷமா அந்த ரூமுக்குள்ள உக்காந்து பில் போட்டவ வெளிய வந்து கார் சக்கரத்தைக் கழட்டியிருக்கறா. காத்தால கடை தொறந்ததும் எல்லார்த்து முன்னாடியும் சொன்னாரு, ‘கோகிலா, டாக்டரம்மா வண்டி பன்னெண்டு மணிக்கு வெளிய போகோணும். அதுக்குள்ள டாஷ்போர்டுல எரியற அந்த பிரேக் லைட்டு அணைஞ்சுதுன்னா மூணாவது லிப்ட் உன்னுது. அணையலீன்னா பில் புக்கைத் தூக்கிட்டு மறுபடி உள்ள போயி உக்காந்துக்கோ, அப்பறம் இந்தப் பேச்சே வரக்கூடாது.’ லிப்ட்டுன்னா காரைத் தலைக்கு மேல தூக்கி நிறுத்தற மிசின். எங்க ஒர்க்‌ஷாப்புல மூணு இருக்குது. யாருக்கு லிப்ட் இருக்குதோ அவிங்கதான் மெக்கானிக், மத்தவங்க எல்லாம் எடுபுடி. மூணாவதுல வேலை செஞ்ச பாபு துபாய்க்குப் போயி நாலு மாசமாச்சு, அதுலருந்து பழைய டயரா அடுக்கி வச்சிருந்தாங்க, காத்தால நான்தான் ஒவ்வொண்ணா உருட்டி வெளிய தள்ளுனேன். ரெண்டு வருஷமா எடுபுடி. ஆயில் மாத்து, பில்டர் மாத்து, பேட்டரி மாத்து, அப்பறம் கையக் கழுவிட்டு வந்து பில்லைப் போடு. இன்னைக்குத்தான் மொத மொதலா ஒரு வண்டி முழுசா என்ற கையில. நெஞ்சு அடிக்கிற அடி எனக்கே கேக்குது, எதிர்த்தாப்புல பவுண்டரியில சுத்தியல் போடறான், அதையும் மீறிக் கேக்குது.

இப்ப கேலிப்பர். சக்கரத்தோட சேந்து சுத்தற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்கிற இரும்பு, பின்னாடி ரெண்டு போல்ட்டு. கழட்டுனதும் தொங்கவுட்டுறாத கோகிலா, ரப்பர் குழாயில தொங்கவுட்டுறாத, குழாய் பிஞ்சா ஆயில் போச்சு, ஆயில் போனா பிரேக் போச்சு, கம்பி எங்க, கம்பி, இந்தா பாக்கெட்டுல, ஸ்பிரிங்குல மாட்டிக் கட்டு. கட்டியாச்சு. தொங்கல. டிஸ்க்குல ஒரசி வண்டியை நிறுத்தற பேடு ரெண்டையும் உருவுனா, அடியாத்தி, வெரல் கனம் இருக்கவேண்டியது வெள்ளரி வில்லையாட்டத் தேஞ்சு கெடக்குது. உள்பக்கப் பேடுல சொருகியிருக்கற சென்சர், சுண்டுவெரல் நுனி அளவு பிளாஸ்டிக், இதுக்காகத்தான் இத்தனை கூத்தும். இதுக்குள்ள ஒரு வயரு போயி மடங்கித் திரும்பி வருது. பேடு தேஞ்சு மெலிசானா டிஸ்க்கு இந்த வயரையும் சேத்துத் தேச்சு அறுத்துப்போடும். அறுந்ததும் டாஷ்போர்டுல மஞ்ச லைட்டு. ஜெர்மன்காரன் வண்டி, முன்னாடி இடதுல ஒண்ணு, அதுதான் இது, பின்னாடி வலதுல ஒண்ணு, ரெண்டுக்கும் சேத்து ஒரே லைட்டுதான். ஒரு வாரமா அது எரிய எரியத்தான் டாக்டர் ரெபெக்கா ஓட்டியிருக்கறாங்க. வியாழக்கெழமையானா வால்பாறை எஸ்டேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி கொழந்தைகளைப் பாக்கற டாக்டர். இன்னைக்கு வியாழன். மலை ரோட்டுல நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒண்ணுமில்லை, என்ஜின் பாத்துக்கும், எறங்கும்போதுதான் கால் பிரேக்குலயே இருக்கோணும். நாங்க ஒருக்கா பஸ்சுல போயிருக்கறோம், எறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் நான் முன்சீட்டுக் கம்பியை மிதிச்சுக்கிட்டே வந்தேன், எங்கூட்டுக்காரரு சிரிச்சுத் தள்ளிட்டாரு, ‘நீ மிதிச்சா பஸ்சு நிக்குமாக்கும்’னு. இப்ப நான் மாட்டறதை மிதிச்சாத்தான் கார் நிக்கும். அந்த நெனப்பு வந்ததும் டாக்டரம்மா இருக்கற பக்கம் ஒருக்கா எட்டிப் பாத்துக்கிட்டேன். பயமா, சந்தோஷமான்னு கேட்டா ரெண்டும்தான். காத்தால டாக்டரம்மாகிட்ட மொதலாளி இழுத்தாரு, ‘இன்னைக்கு உங்க வண்டியைப் பாக்கறது... நம்ம பில் போடற பொண்ணுங்க, உங்களுக்கு ஆட்சேபனை இருந்தா...’ அந்தம்மா கண்ணாடியை மேல தள்ளிட்டு என்னைப் பாத்தாங்க. ‘செய்யட்டும். நானும் மொதல் ஊசியை யாரோ ஒருத்தருக்குப் போட்டவதான்’னாங்க. அவ்வளவுதான், போயி வாசப்பக்கம் சேர்ல உக்காந்து டீயைக் குடிச்சுட்டு பைலைப் பொரட்டறாங்க. என்ன பொம்பளைங்க அது!

புதுப் பேடு, புது சென்சர். பார்சலைப் பிரிக்கும்போதே ஒரு வாசம், நோம்பிக்கு எடுத்த புதுத்துணியாட்ட. பேடை அமுத்தற பிஸ்டனை உள்ள தள்ளோணும், மெதுவா, மெதுவா, பிரேக் ஆயில் மூடியைத் தொறந்து வச்சியா, வச்சேன், ஆயில் பொங்கலியே, பொங்கல. சென்சரைப் பேடோட காடியில சொருகு. அமுத்தாத, ஒடைஞ்சா வேற இல்லை, கோயமுத்தூர் பூராத் தேடுனாலும் இன்னைக்கு இந்த முன்பக்கத்துது இல்லை. சொருகு. டக். கேட்டுதா? டக்குன்னு சொல்லிச்சு. நான் பெத்த புள்ள மொத மொதல்ல ‘ம்மா’ன்னப்பக் கூட இப்புடிச் சந்தோஷப்பட்டனான்னு தெரியல, பட்டிருப்பேன், அவகிட்டச் சொல்லிறாத. வயரைக் கிளிப்புகள்ல அமுக்கிக் கொண்டுபோயி டப்பாவுக்குள்ள இருக்கற பிளக்குல மாட்டியாச்சு. முன்னாடி வலது சக்கரத்துக்கும் பேடு மாத்தியாச்சு, அதுக்கு சென்சர் கெடையாது, பத்தே நிமிசம். போல்ட்டு, கேலிப்பர், சக்கரம், குறுக்கு மறுக்கா முறுக்கு, மீட்டர் ஸ்பானர் ‘கட்’னு சொல்ற வரைக்கும் முறுக்கு. எறக்கு வண்டியை. ஏறி உக்காரு. மொதல்ல பிரேக்கை மிதி, இதை மறந்தவன் செவுத்துல போயித்தான் நிப்பான், மிதி, மிதி, இன்னும் மிதி, கால் கீழ போயிட்டே இருக்குது, போகுது, ஆங், கெட்டியாச்சு. கல்லாட்ட நிக்குது. இப்ப என்ஜினை எழுப்பாம சுவிட்சை மட்டும் போட்டு நாப்பது எண்ணோணும். ஒண்ணு, ரெண்டு, மஞ்ச லைட்டு மொறைக்குது, பத்து, பதினஞ்சு, மொறை ராசா, நல்லா மொறை, இருபத்திரண்டு, மொதலாளி ரூம் கதவைத் தொறந்துட்டு வெளிய வந்துட்டாரு, முப்பது, தப்பான பிளக்குல மாட்டிட்டனா, கிளிப்புல வயரு நசுங்கியிருக்குமா, முப்பத்தாறு, மாரியாத்தா, முப்பத்தொம்பது. அணைஞ்சுருச்சு! மணி பதினொண்ணு நாப்பது. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு கத்தாம இருக்கறதுக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மொதல் லிப்ட்டுல வேனுக்கு அடியில நின்னுட்டிருந்த எங்கூட்டுக்காரரு தலையை மட்டும் வெளிய நீட்டிப் பாத்தாரு. சிரிச்சா மீசை ஒரு பக்கம்தான் மேல ஏறும் அவருக்கு. ஏறுச்சு. போன மாசம் மொதலாளிகிட்ட மல்லுக்கு நின்னது அவருதான், ‘அண்ணா, அவளுக்கு ஒரு வண்டி குடுங்க, தப்பு வந்தா நான் பொறுப்பு’ன்னு. எந்தப் புருஷன் சொல்லுவான்? மொதலாளி என்னையப் பாத்துத் தலையாட்டிட்டு, ‘வண்டியை எடுத்து வெளிய நிறுத்து, டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்’னு வாசப்பக்கம் போனாரு. கெடைச்சுருச்சு. மூணாவது லிப்ட்டு எனக்குக் கெடைச்சுருச்சு.

வண்டியை நகத்தறதுக்கு முன்னாடி லிப்ட்டோட தாங்கு கை நாலையும் அடியிலருந்து இழுத்து வுடோணும். மூணு இழுத்தாச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டி அடிச்சேன். நாலாவது பின்னாடி வலது. குத்தவச்சு இழுக்கும்போது சக்கரத்துக்குப் பின்னாடி கண்ணுக்கு நேரா கருப்பு டேப்பு. என்னது இது? சென்சர் வயருல எங்கயும் டேப்பு வரக்கூடாது, ஒரே நீட்டு வயருதான் அது, இப்பத்தானே முன்னாடி ஒண்ணைக் கையில புடிச்சுப் பாத்தேன். கிட்டப் போயி பாத்தா பாதி வயருதான் இருக்குது, பேடுக்குப் போகவேண்டிய நுனியே இல்லை, ரெண்டு வயரையும் வெட்டி ஒண்ணோட ஒண்ணு முறுக்கி டேப்பு சுத்தி வுட்டிருக்குது. ஒட்டு. எல்லா ஒர்க்‌ஷாப்புலயும் இருக்கற பழக்கந்தான், சென்சர் கெடைக்கலைன்னா ரெண்டு முனையையும் சேத்துக் கட்டிப்போடறது. வயரு அறுபடவே இல்லைன்னு வண்டி நம்பிக்கும், லைட்டு அணைஞ்சுரும், கஸ்டமர் கும்புட்டுட்டுப் போவாங்க. அப்பறம் பேடு சுத்தமாத் தேஞ்சு இரும்போட இரும்பு ஒரசுனாலும் அந்த லைட்டு எரியவே எரியாது. எந்த எடுபட்டவன் போட்டான் இதை, வேற எங்கயோ வுட்டிருக்கறாங்க வண்டியைன்னு மனசுக்குள்ள வெய்ய ஆரம்பிச்சேன், டேப்போட கடைசியைப் பாக்கற வரைக்கும். கடைசி நுனி சின்னதா மடிச்சு வுட்டிருந்துச்சு, வாலாட்ட. மறுபடி பிரிக்கறதுக்கு வசதியா. எங்கூட்டு மிக்சி வயருல இருக்குது அந்த வாலு. இஸ்திரிப் பெட்டி வயருல இருக்குது. டிவி ரிமோட்டுக்குப் பின்னாடி இருக்குது. பதினொரு வருஷமா நான் தெனம் தொடற வாலு. கெரகமே. கெரகம் புடிச்ச கெரகமே.

உக்காந்துட்டேன், தரையில அப்புடியே. ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஆமா, மழை நாளு, இதே வண்டி, இதே மஞ்ச லைட்டு, கண்ணாடி ரூம் சன்னல்ல அவரு தலையை உட்டு, ‘டாக்டரம்மாதை முடிச்சாச்சு’ன்னாரு. ‘என்னன்னு எழுதட்டும்?’னேன். ‘பின் பிரேக் லைட்டு சரி செய்யப்பட்டதுன்னு எழுது.’ எழுதுனேன். என்ற கையெழுத்து, குண்டு குண்டா, எல்லாரும் மெச்சற கையெழுத்து. லைட்டைச் சரி செய்யறதுன்னா என்னன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது, இன்னைக்குத் தெரியுது. போனை எடுத்து டார்ச்சைப் போட்டு சக்கரக் கம்பிகளுக்கு நடுவுல அடிச்சேன். பேடு இருக்கவேண்டிய எடத்துல ஒரு அட்டைக் கனம். அதுவும் இல்லை, கல்யாணப் பத்திரிகைக் கனம். டிஸ்க்குல நகம் வச்சா தேஞ்ச காடிக்குள்ள நகம் வுழுகுது. இன்னைக்கு ஏறுவாங்க. எறங்கும்போது? மேல கொழந்தைகளையெல்லாம் பாத்துட்டு அசந்துபோயி எறங்குவாங்க, இருபதாவது வளைவு, இருபத்தொண்ணு, முன்னாடி பேடு புதுசு, அது புடிக்கும், முன்னாடிதானே முக்காவாசிப் பிரேக்கு, ஒண்ணும் ஆகாது. ஆகாதுன்னு யாரு சொன்னா? பின்பக்கம் இரும்பு ஒரசிச் சூடாகும், சூடான பிஸ்டன் ஆயிலைக் கொதிக்க வைக்கும், கொதிச்சா கால் தரையில போயித் தட்டும். ஒண்ணும் ஆகாது. ஆகும். இன்னைக்கு ஆகாது. அடுத்த வாரம்? நைஸா அடுத்த வாரம் டாக்டரம்மாவைக் கூப்புட்டு, ‘பின்னாடியும் மாத்திருலாங்க’ன்னு சொல்லிக்கலாம், யாருக்கும் தெரியாம அந்த வாலைப் பிச்சு எறிஞ்சுக்கலாம், லிப்ட்டும் இருக்கும், அவரு மானமும் இருக்கும். லைட்டு அணைஞ்சாப் போதும்னுதானே மொதலாளி சொன்னாரு? அணைஞ்சுருச்சே. பின்னாடி பாருன்னு யாராச்சும் சொன்னாங்களா? சொல்லல. அப்ப நானும் அதையேதான் பண்றேன், ஒட்டுதான் போடறேன், டேப்பு இல்லாம. ச்சீ. அந்த நெனப்பு எனக்கே கூசுச்சு. கூசுன கையோட ஒரு கோவம் வந்துச்சு பாருங்க, அவரு மேல, என்ற மேல, அந்தக் குண்டு கையெழுத்து மேல. லிப்ட்டுக் கைகளைத் திரும்ப அடியில தள்ளி, பட்டனை அமுத்தி வண்டியை மறுபடி மேல தூக்குனேன். மணி பதினொண்ணு அம்பது. லிப்ட்டு கொர்ருனு ஏறற சத்தம் கேட்டு வாசல்ல இருந்த மொதலாளி திரும்பிப் பாத்தாரு.

‘ஏனுங்க, இங்க வாங்க’ன்னேன் மொதல் லிப்ட்டைப் பாத்து. அவரு கையைத் துணியில தொடச்சுக்கிட்டே வந்தாரு, இன்னும் அந்த ஒருபக்க மீசைச் சிரிப்போட. வயரைத் தொட்டுக் காட்டுனேன். சிரிப்பு மெதுவா எறங்குச்சு. ‘அன்னைக்கு பேடு மட்டும் புதுசு போட்டேன், பின் சென்சரு வரலை புள்ள. அடுத்த வாரம் வந்ததும் மாத்திக்கலாம்னுதான்...’ ‘வந்துச்சுங்களா?’ ‘வந்துருக்கும். மறந்துட்டேன்.’ பொய் சொல்ற ஆளில்லை அவரு, நெஜமாவே மறந்துதான் போயிருப்பாரு, ஒரு நாளைக்கு எட்டு வண்டி. அவரும் கழுத்தை வளைச்சுப் பேடைப் பாத்தாரு. பாத்ததும் மொகம் வெளுத்துருச்சு. ‘அடப்பாவமே’ன்னு அவரு வாயிலருந்தே வந்துச்சு. அப்பறம் சத்தத்தைக் கொறைச்சு, ‘லைட்டு அணைஞ்சுருச்சல்லோ? நீ ஜெயிச்சுட்டே. நீ எதுக்கு இதுல மாட்டற, சாயங்காலம் நானே பக்குவமா அண்ணன்கிட்டச் சொல்லிக்கறேன். இப்பச் சொன்னீன்னா நேரமாயிரும், அந்தாளு இதையே சாக்கா வச்சு உன்னைய உள்ள உக்கார வச்சுருவாரு’ன்னாரு. எனக்காகத்தான் சொல்றாரு, தெரியுது, கண்ணுல தண்ணி முட்டுது, எனக்காகத்தான். ‘சாயங்காலம் அந்தம்மா எறங்கிட்டு இருப்பாங்கங்க’ன்னேன்.

‘என்ன கோகிலா, எறக்குன வண்டியை மறுபடி ஏத்தி வச்சிருக்கற?’ மொதலாளி வந்துட்டாரு. வந்தவரு கண்ணு நேரா டேப்புக்குத்தான் போச்சு, முப்பது வருஷம் வண்டியிலயே பொழச்சவரு, அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேடைப் பாத்தாரு, டிஸ்க்கைத் தடவுனாரு. ‘பின்னாடி பேடு தீந்துருச்சுங்கண்ணா. சென்சரை வெட்டி ஒட்டு போட்டிருக்குது. இந்த நெலமையில இந்த வண்டி மலைக்குப் போகக்கூடாதுங்க’ன்னேன். ‘யாரு போட்டது இந்த ஒட்டு?’ ‘பில்லு எழுதுனது நானுங்க’ன்னேன். ‘பில்லு வயரை ஒட்டுமா? ஆளைக் கேக்கறேன். யாரு?’ என்ற பக்கத்துல நிக்கறவரு கைத்துணியைப் போட்டு முறுக்கறாரு. மொதலாளி என்னையவே பாக்கறாரு. பதினொரு வருஷத்துல அந்தப் பேரை நான் ஒருக்காக்கூடச் சொன்னதில்லை. எங்க பக்கம் புருஷன் பேரைச் சொல்றது கெடையாது, போன்ல யாராச்சும் கேட்டாலும் ‘எங்கூட்டுக்காரரு’, ‘பாப்பா அப்பா’ன்னுதான். ரேஷன் கடையில கேட்டா அட்டையை நீட்டுவேன். அவரு பேரு வருதுன்னு சென்னிமலை பஸ்சைக்கூட ‘அந்த மலை பஸ்சு’ன்னுதான் இத்தனை நாளும் சொல்லிட்டிருக்கறேன், கண்டக்டருங்க சிரிக்க. ஆனா இப்ப ‘எங்கூட்டுக்காரரு’ன்னு சொன்னா அது பொண்டாட்டி சொல்றது. இங்க நிக்கறது மெக்கானிக்கு. ரெண்டு லிப்ட்டுக்காரங்களுக்கு நடுவுல நடந்த வேலை இது. ஒதட்டை ஈரம் பண்ணிக்கிட்டேன். ‘சென்னியப்பனுங்க’ன்னேன். வெளிய வந்துருச்சு. கருப்பு டேப்பு ஒட்டுன வண்டிக்கு அடியில, பிரேக் தூசி அப்புன வாயிலருந்து, அந்தப் பேரு வெளிய வந்துருச்சு. எங்கயும் இடி வுழுகல. ஒடம்பு பூரா சிலிர்த்துச்சு, அவ்வளவுதான்.

அவரு என்னையப் பாத்த பார்வை இருக்குதே. மாட்டிக்கிட்டதை மறந்தே போயிட்டாரு. ‘ஆமாங்கண்ணா, நான்தான்’னாரு மொதலாளியைப் பாத்து, மறுபடி என்னையப் பாத்தாரு, ‘பேரையே சொல்லிட்டாங்கண்ணா’ன்னாரு, என்னமோ ஒட்டு போட்டது நான்ங்கற மாதிரி. மொதலாளிக்குச் சிரிப்பு வந்துருச்சு, வந்ததை மொறைப்பா மாத்திக்கிட்டு, ‘ரெண்டு வருஷம்டா! ரெண்டு வருஷம் அந்தம்மா இதுல மலை ஏறி எறங்கியிருக்குது! உன்னைய அப்பறம் பாத்துக்கறேன்’னு கத்துனாரு. எங்கூட்டுக்காரரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆணியில மாட்டியிருந்த பைக்குச் சாவியை எடுத்தாரு. ‘காந்திபுரத்துல இப்பப் பின் பேடு, சென்சரு ரெண்டும் கெடைக்குதுங்கண்ணா, நானே போயி வாங்கியாறேன்’னாரு. மணியைப் பாத்தேன். பன்னெண்டு தாண்டி மூணு நிமிசம். மொதலாளியும் அதே கடியாரத்தைத்தான் பாத்தாரு. லிப்ட்டு போச்சா, போனாப் போகட்டும், இல்லை, போகக்கூடாது, போனா என்ற அடிவயிறு எரியும், ஆனாலும் இந்த வண்டி போகாது, அது போதும், அது போதாது. அப்பத்தான் டாக்டரம்மா தோள்ல பையை மாட்டிக்கிட்டு வந்தாங்க. ‘லைட் அணைஞ்சிருச்சுன்னு சொன்னாரே. நான் கிளம்பலாமா?’ன்னு மொதலாளியைத்தான் கேட்டாங்க, கஸ்டமருக்குப் பதில் சொல்றது எப்பவும் அவருதான். அவரு வாயைத் தொறந்தாரு. என்னமோ நெனச்சுக்கிட்டு மூடிட்டாரு. மூடிட்டு, இந்த லிப்ட்டுக்காரிதான் சொல்லோணும்ங்கற மாதிரி என்னையப் பாத்தாரு. சாவியும் கையுமா வாசல்ல நின்ன எங்கூட்டுக்காரரும் திரும்பி என்னையப் பாத்தாரு. ரெண்டாவது லிப்ட்டுக்காரரு எட்டிப் பாத்தாரு. எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க, டாக்டரம்மாவும் இப்ப என்ற பக்கம் திரும்பிட்டாங்க.

‘முடியாதுங்க டாக்டர்’ன்னேன். ‘பின்னாடி பேடு சுத்தமாத் தீந்துருச்சு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி நாங்க பண்ணுன தப்பு. மாத்தறதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரமாகும். அதுவரைக்கும் உக்காருங்க, நான் சொன்னதும் எடுத்துக்கலாம்.’